ஜெய்ப்பூர் காலும் டாக்டர் பி.கே. சேத்தியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஜெய்ப்பூர் கால்" என்ற செயற்கைக் காலின் பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. அதன் பின்னால் இருந்த அறுவை மருத்துவரைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை. மருத்துவமும் கைத்தொழிலும் தரையோடு ஒட்டி வாழும் பழக்கமும் ஏழைக்கும் கிடைக்க வேண்டும் என்ற நியாயமும் அவர் வேலையில் ஒன்று சேர்ந்தன. மாணவர்களும் கால் இழந்தவர்களின் குடும்பத்தாரும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம்.

யார் இந்த சேத்தி?

பிரமோத் கரண் சேத்தி. 1927இல் வாரணாசியில் பிறந்தவர். அப்பா பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். ஆக்ராவில் மருத்துவம் படித்தார், எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ். என்ற அறுவை மருத்துவத் தகுதியைப் பெற்றார், 1954இல் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவக் கல்லூரிக்கு அறுவைச் சிகிச்சை ஆசிரியராக வந்து சேர்ந்தார்.

எலும்பு மருத்துவம் அவர் தேடிப் போன துறை அல்ல. 1958இல் கல்லூரிக்கு ஒரு எலும்பு மருத்துவப் பிரிவு தேவைப்பட்டது, அதைத் தொடங்கும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. அந்தத் துறையில் முறையான பயிற்சி இல்லாமல் உள்ளே வந்தவர் என்பதால்தான், வழக்கமாக எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்த பல விஷயங்களை அவரால் கேள்வி கேட்க முடிந்தது என்று நினைக்கிறேன். 1981இல் மகசேசே விருதும் பத்மஸ்ரீயும் கிடைத்தன. 2008 ஜனவரியில் ஜெய்ப்பூரிலேயே காலமானார்.

அந்தக் காலத்தில் செயற்கைக் காலே இல்லையா? புதிதாக ஒன்று எதற்கு?

இருந்தது. புனேயில் ராணுவத்தின் செயற்கை உறுப்பு மையம் 1944 முதலே இயங்கி வந்தது. மேல்நாட்டில் அப்போது பரவலாக இருந்தது 'சாக்' பாதம் என்ற வகை. உள்ளே அசையாத மரக்கட்டை, குதிகாலில் மெத்தென்ற ரப்பர், கணுக்காலில் மூட்டு கிடையாது. அமெரிக்காவில் 1950களில் உருவானது. சமதரையில் ஷூ போட்டு நடக்க நல்ல பாதம்தான்.

சிக்கல் அந்த ஷூவில்தான் இருந்தது. அந்தப் பாதத்துக்கு ஷூ கட்டாயம். ஷூ இல்லாமல் நடந்தால் அடிப்பகுதி தேய்ந்துவிடும், நீர் பட்டால் கெட்டுவிடும். இதை ராஜஸ்தான் கிராமத்தில் ஒரு விவசாயிக்கு மாட்டி அனுப்பினால் என்ன ஆகும்? வயலில் தண்ணீர் பாய்ச்சும்போது ஷூவோடு இறங்க முடியாது. கோயிலுக்குள் முடியாது. சமையலறைக்குள் அந்த வீட்டுப் பெண் ஷூ போட்டுக்கொண்டு நுழைய மாட்டாள். கணுக்கால் மடங்காததால் குந்தி உட்கார முடியாது, அதாவது காலைக்கடனே பிரச்சினை. சப்பணம் போட முடியாததால் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. அப்புறம், ஷூவுக்கே தனியாகப் பணம் வேண்டும்.

செயற்கைக் கால் வாங்கிப் போனவர்கள் அதைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி ஊன்றுகோலோடு வருவதைச் சேத்தி பார்த்தார். "இவர்களுக்குப் பழகிக்கொள்ளத் தெரியவில்லை" என்று மருத்துவர்கள் சொல்லிவிடுவது எளிது, அப்படித்தான் சொல்லிக்கொண்டும் இருந்தார்கள். சேத்தி அந்த மனிதர்களை நம்பினார். அவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணம் காலில்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார். அவருடைய பணி முழுவதற்கும் வேர் இதுதான் என்பது என் எண்ணம். சுகாதாரத்தில் சமத்துவம் என்றால் விலையைக் குறைப்பது என்று மட்டும் நாம் நினைத்துக்கொள்கிறோம். இலவசமாகக் கொடுத்தாலும், ஊரோடு தரையில் உட்கார விடாத கால் அந்த மனிதரை ஒதுக்கித்தான் வைக்கிறது.

உண்மையில் கண்டுபிடித்தது சேத்தியா, 'மாஸ்டர்ஜி'யா?

இருவரும்தான். ஆனால் புகழ் நெடுநாள் ஒருவர் பக்கமே சாய்ந்திருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மாஸ்டர்ஜி என்று எல்லோரும் அழைத்த ராமச்சந்திர சர்மா, தலைமுறை தலைமுறையாகக் கைவேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு நாலாம் வகுப்போடு சரி. மருத்துவமனையில் தொழுநோயாளிகளுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுக்க வந்தவர். கால் இழந்தவர்கள் அங்கே படும் பாட்டைப் பார்த்துவிட்டு, தன் கைக்குத் தெரிந்த வழியில் பாதங்கள் செய்து பார்க்கத் தொடங்கினார்.

சேத்திக்கு எலும்பும் தசையும் தெரியும், எந்த மூட்டு எந்தப் பக்கம் எவ்வளவு திரும்ப வேண்டும் என்று தெரியும். மாஸ்டர்ஜிக்குப் பொருள்களைத் தெரியும். ரப்பர் எப்போது இளகும், அச்சை எப்படி வார்ப்பது, எந்த ஒட்டு பிரியாது என்பதெல்லாம் அவர் விரல்களில் இருந்தது. சைக்கிள் டயர் பஞ்சராகி நின்றபோது, பக்கத்தில் லாரி டயரை ரீட்ரெட் செய்துகொண்டிருந்தவரைப் பார்த்துத்தான் மாஸ்டர்ஜிக்கு ரப்பர் யோசனை வந்தது என்று சொல்வார்கள். எப்படி வந்ததோ, டயர் கடையில் ரப்பரை வேகவைத்து இறுக்கும் அதே வல்கனைசிங் முறைதான் அந்தப் பாதத்தின் உயிர்.

முதலில் முழுக்க ரப்பரில் செய்தார்கள். எடை தாங்கவில்லை, வளையவும் இல்லை. உள்ளே ஸ்பாஞ்ச் ரப்பர் வைத்தார்கள். அது கிழிந்தது. டயருக்குள் இருக்கும் நூல் பதித்த ரப்பரால் சுற்றிக் கட்டியபோது பிடித்து நின்றது. கூட இருந்த மருத்துவர்கள் எஸ்.சி. காஸ்லிவால், மகேஷ் உதாவத் ஆகியோருக்கும் இதில் பங்கு உண்டு. 1968 வாக்கில் பாதம் உருவானது. 1978இல் இவர்கள் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை சர்வதேச இதழில் வந்தது. அதன் ஆசிரியர் பட்டியலில் மருத்துவர்களின் பெயர்களோடு மாஸ்டர்ஜியின் பெயரும் 'ஆர். சந்திரா' என்று இருக்கிறது. ஆனாலும் வெளியே புகழ் பெரும்பாலும் சேத்தியையே சேர்ந்தது. நம் நாட்டில் கைத்தொழில் செய்பவருக்கும் பட்டம் பெற்றவருக்கும் இடையில் இருந்த, இன்னும் இருக்கிற இடைவெளியின் அளவு அது.

பாதத்துக்குள் என்ன இருக்கிறது?

மூன்று துண்டுகள். முன்பாதத்துக்கும் குதிகாலுக்கும் ஸ்பாஞ்ச் ரப்பர், கணுக்கால் இடத்தில் மரக்கட்டை. மூன்றையும் நூல் ரப்பரால் சுற்றி, மேலே தோல் நிறத்தில் ரப்பர் போர்த்தி, அலுமினிய அச்சுக்குள் வைத்து வேகவைக்கிறார்கள். வெளியே வரும்போது விரல்களோடு ஒரு பாதம்.

சாக் பாதத்தில் மரக்கட்டை முன்பக்கம் வரை நீளும். இங்கே அதைக் கணுக்காலோடு நிறுத்திவிட்டார்கள். முன்பாதம் வளைவதும் குந்தி உட்கார முடிவதும் அதனால்தான். பக்கவாட்டிலும் கொஞ்சம் சாயும், கொஞ்சம் சுழலும். வரப்பில் நடக்கிறவருக்கு அந்தச் சாய்வு மிகவும் முக்கியம். வெளியே ரப்பர் என்பதால் தண்ணீரும் சேறும் பிரச்சினை இல்லை, ஷூவும் தேவையில்லை.

பாதத்துக்கு மேலே உள்ள பகுதியைத் தொடக்கத்தில் அலுமினியத் தகட்டைக் கையால் தட்டி வடிவமைத்தார்கள். பிற்காலத்தில் தண்ணீர்க் குழாய் செய்கிற எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் வந்தது. குழாயைச் சூடாக்கி, இளகியதும் காலின் பிளாஸ்டர் அச்சின் மேல் இழுத்துவிடுவார்கள்.

கால் செய்வது தொழில்நுட்பருடைய வேலை. அறுவை மருத்துவருக்கு இதில் என்ன?

மருத்துவ மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. ஒரு செயற்கைக் கால் பொருந்துமா பொருந்தாதா என்பது பாதியளவு அறுவை அரங்கிலேயே முடிவாகிவிடுகிறது. எந்த இடத்தில் வெட்டுகிறோம், எலும்பு முனையை மழுக்கினோமா, அதன் மேல் தசையைப் போர்த்தினோமா, நரம்பின் நுனி அழுத்தம் படும் இடத்தில் சிக்காமல் பார்த்துக்கொண்டோமா, தழும்பு எங்கே விழும். இதில் ஒன்று தப்பினாலும் உலகத்திலேயே சிறந்த கால்கூட அவருக்கு வலிக்கும்.

எல்லாவற்றையும்விட முழங்கால். அதைக் காப்பாற்ற முடிந்தால் காப்பாற்றியே ஆக வேண்டும். முழங்காலுக்கு மேலே வெட்டப்பட்டவர் நடப்பதற்குச் செலவிடும் சக்தி, கீழே வெட்டப்பட்டவர் செலவிடுவதைவிட நன்றாகவே அதிகம். வயதானவருக்கு இந்த வேறுபாடு நடையா, படுக்கையா என்ற வேறுபாடாகவே ஆகிவிடும்.

நம் பயிற்சியில் காலை எடுப்பது தோல்வியாகப் பார்க்கப்படுகிறது. காப்பாற்ற முடியாமல் போன கேஸ் என்று அதை இளைய மருத்துவரிடம் விட்டுவிடுகிற பழக்கம் பல இடங்களில் உண்டு. அது அந்த நோயாளியின் அடுத்த முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கான அஸ்திவாரம். அனுபவமுள்ள கை அங்கேதான் வேண்டும்.

1968இல் உருவான கால் உடனே பரவியதா?

இல்லை. முதல் ஏழு ஆண்டுகளில் அதைப் பெற்றவர்கள் 59 பேர்தான் என்று பதிவாகியிருக்கிறது. வடிவமைப்பு எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், ஜெய்ப்பூர் வரை வந்து, தங்கி, சாப்பிட்டு, பல நாள் கூலியை இழந்து காத்திருக்க முடியாதவர்களுக்கு அது இல்லாத பொருள்தான்.

இதை மாற்றியவர் மருத்துவர் அல்ல, ஐ.ஏ.எஸ். அதிகாரி. தேவேந்திர ராஜ் மேத்தா 1969இல் ஒரு சாலை விபத்தில் சிக்கினார். தொடை எலும்பு நொறுங்கி, காலை எடுக்க வேண்டி வரும் என்ற நிலை. கால் தப்பியது. மருத்துவமனையில் கிடந்த மாதங்களில், தன்னைப்போல் செல்வாக்கு இல்லாதவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதைப் பார்த்தார். 1975இல், மகாவீரர் நிர்வாணம் அடைந்த 2500ஆம் ஆண்டையொட்டி, பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி என்ற அமைப்பை ஜெய்ப்பூரில் தொடங்கினார். பின்னாளில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் தலைவராக இருந்தவரும் இவர்தான்.

அந்த அமைப்பு மருத்துவமனையின் நடைமுறைகளைத் தலைகீழாக்கியது. எந்த நேரத்தில் வந்தாலும் உள்ளே சேர்த்துக்கொள்வார்கள். தங்க இடமும் சாப்பாடும் உண்டு. காலுக்குப் பணம் கிடையாது. பெரும்பாலும் ஒரே நாளில் அளவெடுத்து மாட்டி அனுப்பிவிடுவார்கள். தினக்கூலி வாங்குகிற ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை மாதச் சம்பளம் வாங்குகிற நாம் சற்று முயன்றுதான் புரிந்துகொள்ள முடியும். கால், காலிப்பர் (வலுவில்லாத காலைத் தாங்கும் கருவி), ஊன்றுகோல், மூன்று சக்கர வண்டி எல்லாம் சேர்த்து இதுவரை இருபது லட்சம் பேருக்கு மேல் உதவியிருப்பதாக அந்த அமைப்பு கணக்குச் சொல்கிறது.

காப்புரிமை வாங்கவில்லையே, ஏன்?

வாங்கியிருந்தால் ஒவ்வொரு ஊர்ப் பட்டறையும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கும். யார் வேண்டுமானாலும் வந்து கற்றுக்கொண்டு, தங்கள் ஊரில் கிடைக்கும் பொருளில் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

நடிகை சுதா சந்திரன் ஆடியது இந்தக் காலிலா?

ஆமாம். 1981இல் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்துக்குப் பிறகு அவருடைய வலது காலின் கீழ்ப்பகுதி எடுக்கப்பட்டது. அப்போது அவர் பதின்வயதுப் பெண். ஜெய்ப்பூர் கால் பொருத்திக்கொண்டு, 1984இல் மறுபடி மேடையேறிப் பரதம் ஆடினார். "மயூரி" படத்தில் தன் கதையில் தானே நடித்தார்.

பரதத்தில் அரைமண்டியும் வெறுங்காலில் தட்டுவதும் அடிப்படை. ஷூ கட்டாயமான ஒரு பாதத்தோடு அதை யோசிக்கவே முடியாது. அவருடைய மன உறுதியைப் புகழும் கட்டுரைகள் ஏராளம் உண்டு, அவை தகும். வெறுங்காலில் நிற்கக்கூடிய ஒரு பாதமும் அவருக்கு வாய்த்தது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். மன உறுதி உள்ள எத்தனையோ பேருக்கு அது வாய்க்கவில்லை.

இதன் குறைகள் என்ன?

குறைகள் உண்டு, அவற்றை மறைப்பது கால் இழந்தவர்களுக்கு நல்லதல்ல.

கையால் செய்வதால் ஒரு பாதம்போல் இன்னொன்று இருக்காது. எடையும் தரமும் ஆளுக்கு ஆள், பட்டறைக்குப் பட்டறை மாறும். பாதம் கனமானது. இதற்காகவே, பாலியூரிதேன் என்ற இலகுவான பொருளில் பாதம் செய்யும் இஸ்ரோவின் தொழில்நுட்பம் ஜெய்ப்பூருக்குக் கைமாற்றப்பட்டது.

பெரிய விமர்சனம் பாதத்தைப் பற்றியது அல்ல, சாக்கெட்டைப் பற்றியது. மிச்சக் கால் உள்ளே நுழைகிற அந்தக் கூடு எல்லாப் பக்கமும் ஒட்டி, எடையைப் பரப்பித் தாங்க வேண்டும். முகாமில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் செய்யும்போது இந்த நுணுக்கம் தவறிவிடுகிறது என்று துறை வல்லுநர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். அதோடு, அறுவை முடிந்த முதல் சில மாதங்களில் மிச்சக் கால் வற்றிச் சுருங்கும். சாக்கெட் தளர்ந்துவிடும். முகாம் நடத்தியவர்கள் ஊரைவிட்டுப் போயிருப்பார்கள். அந்தக் கால் பரணுக்குப் போகும். சேத்தி தொடக்கத்தில் பார்த்த அதே காட்சி, வேறு காரணத்தால் திரும்பி வருகிறது. ஒரே நாளில் கால் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து அதைச் சரிசெய்ய ஆளில்லாமல் இருப்பதைத்தான் சொல்கிறேன். நன்கொடை தருகிறவர்கள் எத்தனை கால் கொடுத்தீர்கள் என்று கேட்பதோடு, போன வருடம் கொடுத்ததில் எத்தனை இன்னும் நடக்கின்றன என்றும் கேட்க வேண்டும்.

முழங்காலுக்கு மேல் இழந்தவர்களுக்கு?

அவர்களுக்கு முழங்கால் மூட்டும் சேர்த்து வேண்டும், அதுதான் கடினம். எளிய ஒற்றை அச்சு மூட்டு திடீரென்று மடங்கி ஆளைத் தள்ளிவிடும். 2008 வாக்கில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் ஜெய்ப்பூர் அமைப்போடு சேர்ந்து, எண்ணெய் ஊறிய நைலானில் குறைந்த செலவில் ஒரு மூட்டை வடிவமைத்தார்கள். டைம் இதழ் 2009இன் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது.

இலங்கைக்கு இது எப்படிப் போனது?

போர் கொண்டுபோனது. கண்ணிவெடியில் கால் இழந்தவர்கள் பெருகிய ஆப்கானிஸ்தான், கம்போடியா போன்ற நாடுகளுக்குப் போனதுபோலவே, 1980களில் இலங்கைக்கும் போனது. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் என்ற பெயரைத் தாங்கியே ஒரு மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. சாலை மூடிக் கிடந்த ஆண்டுகளில், வெளியிலிருந்து உதிரிபாகம் எதிர்பார்க்க முடியாத ஊரில், உள்ளூர் ஆட்களே செய்யவும் பழுதுபார்க்கவும் முடிந்த கால் என்பதுதான் இதன் பலம்.

தமிழ்நாட்டில் இதுபோன்ற வேலை நடக்கவில்லையா?

வேலூரில் அதற்கும் முன்பே நடந்தது. 1946இல் அங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயால் மடங்கிப்போன கைவிரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். உணர்ச்சி இல்லாத பாதத்தில் புண் வருவது நோயால் அல்ல, வலி தெரியாமல் திரும்பத் திரும்ப அழுத்துவதால்தான் என்று காட்டினார். காலணி அதற்கான மருந்தின் ஒரு பகுதி ஆனது. மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பரில் செருப்பு செய்தார்கள். இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு நம் ஊர் மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கும் 'எம்.சி.ஆர். செருப்பு' அந்த வழியில் வந்ததுதான்.

இந்தப் பாதையில் போக விரும்பும் மாணவர் என்ன படிக்கலாம்?

மருத்துவம்தான் என்றில்லை. செயற்கை உறுப்புகளையும் காலிப்பர்களையும் வடிவமைத்துப் பொருத்துவதற்கென்றே பி.பி.ஓ. என்ற இளநிலைப் பட்டம் இருக்கிறது. பயிற்சிக் காலம் சேர்த்து நாலரை ஆண்டு. மும்பை, கொல்கத்தா, கட்டக் அருகே ஓலத்பூர் ஆகிய இடங்களில் உள்ள மத்திய அரசு நிறுவனங்களில் படிக்கலாம். சேரும் முன் அந்தக் கல்லூரிக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவம் படித்தவர்களுக்கு எலும்பு மருத்துவமும் உடல் மறுவாழ்வு மருத்துவமும் வழிகள். வடிவமைப்பு படிக்கிறவர்களுக்கு ஒரு யோசனை: கணினியில் உட்காருவதற்கு முன் ஏதாவது ஒரு மறுவாழ்வு மையத்தின் பட்டறையில் கொஞ்ச காலம் உதவியாளாக இருந்து பாருங்கள்.

என் அப்பாவுக்குச் சர்க்கரை நோயால் கால் எடுத்துவிட்டார்கள். இந்தக் கால் சரிப்படுமா?

பெரும்பாலும் சரிப்படும், ஆனால் அவசரம் வேண்டாம். புண் முழுதாக ஆறட்டும். அதுவரை கிரேப் பேண்டேஜை மருத்துவர் காட்டும் விதத்தில் சுற்றி வந்தால் மிச்சக் கால் நல்ல வடிவத்துக்கு வரும். வலிக்கிறதே என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கவே வைக்காதீர்கள். மூட்டு மடங்கியபடியே இறுகிவிட்டால் பிறகு கால் பொருத்துவது கஷ்டம். தினமும் கொஞ்ச நேரம் குப்புறப் படுக்கச் சொல்லுங்கள்.

கால் வந்த பிறகு, தினமும் கழற்றியதும் தோலைப் பாருங்கள். சர்க்கரை நோயில் உணர்ச்சி குறைந்திருக்கும், சாக்கெட் உராய்ந்து புண் வந்தாலும் அவருக்குத் தெரியாது. சிவந்து, சிறிது நேரத்தில் மறையாவிட்டால் அன்று கால் போட வேண்டாம், மையத்துக்குக் கூட்டிப் போங்கள். சென்னையில் கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் செயற்கைக் கால் செய்கிறார்கள். மற்ற மாவட்டங்களில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். எங்கே வாங்கினாலும், சாக்கெட் தளர்ந்தால் மாற்றித் தருவீர்களா, யாரிடம் வர வேண்டும் என்று முதல் நாளே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இருக்கிற இன்னொரு காலுக்கு எம்.சி.ஆர். செருப்பும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.